திக்கற்ற பிள்ளையும் அதன் தாயும்



இந்த மாதம் ஒரு காட்சியை உங்கள் மனக்கண் முன் வைத்துத் தொடங்க விரும்புகிறேன். கொல்கத்தாவில் ஒரு தமிழ்ச் சபை. ஞாயிறு ஆராதனை முடிந்து, எல்லோரும் ஒருவரையொருவர் விசாரித்துக்கொண்டிருக்கிறார்கள். மூலையில் ஓர் இளம் சகோதரி நிற்கிறாள். கணவன் வேலைக்குப் போன இடத்தில் விபத்தில் இறந்து நான்கு மாதங்கள் ஆகின்றன. இரண்டு வீடுகளில் சமையல் வேலை செய்கிறாள். ஓர் அறை வீட்டுக்கு வாடகை கொடுக்கவே அந்தச் சம்பளம் போதவில்லை. கையில் ஒன்பது வயது மகன், இடுப்பில் இரண்டு வயது மகள். அவளுடைய துயரத்தைக் கேட்ட ஒரு சகோதரர், "ஊர்ப்பக்கம் எனக்குத் தெரிந்த ஓர் இல்லம் இருக்கிறது அம்மா. சாப்பாடு, துணி, படிப்பு எல்லாம் இலவசம். பிள்ளைகளை அங்கே சேர்த்துவிடலாம்" என்கிறார். வேறொருவர் சென்னை மெயிலுக்குப் பயணச்சீட்டு எடுத்துத் தர முன்வருகிறார். ஜெபத்துக்குப் பதில் கிடைத்துவிட்டது என்று எல்லோரும் மகிழ்கிறார்கள்.

இது கற்பனைக் காட்சிதான். ஆனால் உங்களில் எத்தனையோ பேர் இதைப் போன்ற ஒன்றைக் கண்ணாரக் கண்டிருப்பீர்கள். இக்காட்சியில் கெட்ட எண்ணம் உடையவர் ஒருவரும் இல்லை. எல்லோருடைய உள்ளத்திலும் இரக்கமே இருக்கிறது. ஆயினும் ஒரு கேள்வியை மட்டும் யாரும் கேட்கவில்லை. நாம் நல்லது என்று எண்ணிச் செய்யும் இக்காரியம், அந்தப் பிள்ளைகளுக்கு உண்மையிலேயே நல்லதாய் முடிகிறதா? முடிகிறது என்றால், அதை நாம் எப்படி அறிவோம்?

உலகமெங்கும் குழந்தைகள் நலத்துறையில் இன்று இந்தக் கேள்வியே முன்னால் நிற்கிறது. நல்ல எண்ணத்தோடு தொடங்கப்பட்டது என்பதற்காக ஒரு திட்டத்தைத் தொடராமல், அது பிள்ளையின் வாழ்வில் என்ன விளைவித்தது என்பதைச் சோதித்து, சான்று உள்ள வழியைக் கைக்கொள்ள வேண்டும் என்கிறார்கள். எதையும் சோதித்தறிந்து நல்லதைப் பற்றிக்கொள்ளும்படி போதிக்கப்பட்ட நமக்கு இந்த எண்ணம் புதிதல்லவே!

சென்னையில் நடந்த சோதனை

இதை விளங்கிக்கொள்ள, நம்முடைய தமிழ்நாட்டிலேயே நடந்த ஒரு சம்பவத்தைப் பார்ப்போம். 1950களில் காசநோய் வந்தவர்களை ஊருக்கு வெளியே உள்ள சானடோரியத்தில் மாதக்கணக்கில் வைத்துப் பராமரிப்பதே சிறந்தது என்று எல்லோரும் நம்பினார்கள். நல்ல காற்று, நல்ல உணவு, முழு ஓய்வு, எந்நேரமும் செவிலியர்! நெரிசலான வீட்டில், போதிய உணவில்லாத ஏழை நோயாளி எப்படிப் பிழைப்பான்? போதாததற்கு, வீட்டாருக்கும் நோயைக் கொடுத்துவிடுவானே?

1956ல் சென்னையில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் தொடங்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகியவை சேர்ந்து நடத்திய மையம் அது. அங்கே சென்னை நகரத்தின் ஏழை நோயாளிகள் 193 பேரை எடுத்துக்கொண்டு, சீட்டுப்போடுவது போன்ற முறையில் இரண்டு கூட்டமாகப் பிரித்தார்கள். ஒரு கூட்டத்தாருக்குச் சானடோரியத்தில் சிகிச்சை. மற்றவர்கள் வீட்டில் இருந்தபடியே அதே மருந்துகளைச் சாப்பிட்டார்கள்.

1959ல் முடிவு வெளியானது. வீட்டில் இருந்தவர்களும் ஏறத்தாழ அதே அளவில் குணமடைந்திருந்தார்கள். அவர்களுடைய குடும்பத்தாருக்கும் அதனால் கூடுதல் ஆபத்து நேரவில்லை. உலகம் காசநோய்க்குச் சிகிச்சை அளிக்கும் முறையையே இந்த ஆய்வு மாற்றிவிட்டது. அந்த மையம்தான் இன்று தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாகச் சென்னையில் விளங்குகிறது.

ஏன் சீட்டுப்போட வேண்டும் என்று சிலர் கேட்கலாம். மருத்துவரே பார்த்துப் பிரித்தால், உடல் தேறியவர்கள் ஒரு பக்கமும் மெலிந்தவர்கள் மறுபக்கமும் சேர்ந்துவிடக்கூடும். அப்போது, குணமானது சிகிச்சையாலா, உடல்வாகாலா என்று யாரும் சொல்ல முடியாது. சீட்டு ஆள் பார்ப்பதில்லை. ஆகவே முடிவில் தோன்றும் வேறுபாட்டைச் சிகிச்சையின் விளைவு என்று துணிந்து கூறலாம்.

பெரிய கட்டடத்தையும் நல்ல உணவையும் கண்டு நாம் மயங்குகிறோம். அன்று சானடோரியத்தைக் குறித்து எண்ணியதைத்தான் இன்று பிள்ளைகளின் இல்லங்களைக் குறித்தும் எண்ணுகிறோம். அதையும் யாராவது சோதித்தார்களா?

புக்கரெஸ்ட் நகரத்துப் பிள்ளைகள்

சோதித்தார்கள். ருமேனியா நாட்டில் சௌசெஸ்குவின் ஆட்சி 1989 டிசம்பரில் கவிழ்ந்தபோது, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் அரசு இல்லங்களில் கிடந்ததை உலகம் கண்டது. அந்நாட்டின் தலைநகரமான புக்கரெஸ்டில், சார்லஸ் நெல்சன், நேதன் ஃபாக்ஸ், சார்லஸ் ஸீனா என்னும் மூன்று அமெரிக்க அறிஞர்கள் இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் ஓர் ஆய்வை ஆரம்பித்தார்கள். இல்லங்களில் இருந்த 6 மாதம் முதல் 31 மாதம் வரை வயதுள்ள 136 பிள்ளைகளை எடுத்துக்கொண்டார்கள். அப்போது அந்நகரில் வளர்ப்புக் குடும்பங்கள் அநேகமாய் இல்லை. ஆகவே அவர்களே 56 குடும்பங்களைத் தேர்ந்தெடுத்துப் பயிற்றுவித்தார்கள். சீட்டு விழுந்த பாதிப் பிள்ளைகள் அக்குடும்பங்களுக்குப் போனார்கள். மற்றவர்கள் வழக்கம்போல் இல்லத்தில் தொடர்ந்தார்கள். ஆனால் அவர்களில் யாருக்கேனும் பெற்றோரிடமோ வேறு குடும்பத்துக்கோ போக வாய்ப்பு வந்தபோது, ஆய்வின் பொருட்டு அது தடுக்கப்படவில்லை.

2007ல் வெளியான முடிவு இது. நான்கரை வயதில் அறிவுத்திறனை அளந்தபோது, இல்லத்துப் பிள்ளைகளின் சராசரி 73. வளர்ப்புக் குடும்பத்துக்குப் போனவர்களின் சராசரி 81. பிறந்தது முதல் சொந்த வீட்டிலேயே வளர்ந்த பிள்ளைகளின் சராசரி 109. இரண்டு வயதுக்கு முன்பே குடும்பத்துக்குள் வந்த பிள்ளைகள் அதிகம் தேறியிருந்தார்கள். காலம் தாழ்த்தி வந்தவர்கள் அந்த அளவுக்குத் தேறவில்லை.

பிரியமானவர்களே, இல்லத்தில் பால் கிடைத்தது, படுக்கை கிடைத்தது. ஆனால் குழந்தை அழுதபோது முறைமாற்றி வரும் பணியாளரே வந்தார். காலையில் ஒரு முகம், மாலையில் ஒரு முகம், மறுநாள் வேறொரு முகம். தன்னையே நோக்கும் ஒரே முகத்தை நாள்தோறும் பார்த்துத்தான் பச்சிளங் குழந்தையின் மூளை வளர்கிறது. மேலே நான் சொன்ன காட்சியில் தாயின் இடுப்பில் இருந்த இரண்டு வயது மகளை இப்போது நினைத்துப் பாருங்கள்.

மறுபக்கமும் உண்டு

நமக்குப் பிடித்த முடிவை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை மறைத்தால் அது சோதித்தறிதல் ஆகாது. ஆகவே இதையும் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் இந்தியா உள்ளிட்ட ஐந்து நாடுகளில், பெற்றோரை இழந்த அல்லது கைவிடப்பட்ட 6 முதல் 12 வயதுப் பிள்ளைகளை ஆராய்ந்து 2009ல் முடிவுகளை வெளியிட்டார்கள். இந்தியாவில் ஐதராபாத்திலும் நாகாலாந்திலும் ஆய்வு நடந்தது. இல்லங்களில் வளர்ந்த பிள்ளைகள், உறவினர் வீடுகளில் வளர்ந்த பிள்ளைகளைவிட உடல்நலத்திலோ அறிவிலோ தாழ்ந்திருக்கவில்லை என்று அவர்கள் கண்டார்கள்.

இரண்டு ஆய்வுகளும் ஒன்றையொன்று பொய்யாக்குகின்றனவா? இல்லை. புக்கரெஸ்டில் ஆராயப்பட்டவர்கள் கைக்குழந்தைகள். இங்கே பள்ளி வயதுப் பிள்ளைகள். அங்கே ஒப்பிடப்பட்டது பயிற்சி பெற்ற, உதவித்தொகையும் தொடர்ந்த ஆதரவும் பெற்ற குடும்பத்தோடு. இங்கே ஒப்பிடப்பட்டது யாரும் உதவாத ஏழை உறவினர் வீட்டோடு. இதிலிருந்து நாம் கற்பது இதுதான்: கைக்குழந்தைக்குக் குடும்பத்துக்கு இணையான இல்லம் இல்லை. சற்று வளர்ந்த பிள்ளைக்கோ, வெறுங்கையோடு விடப்பட்ட வீடு போதாது. வீட்டைத் தாங்க வேண்டும். உண்மையாய் உழைக்கும் இல்லங்களை இகழ்வதற்கு இந்த ஆய்வுகளில் இடமில்லை. போக்கிடமே இல்லாத பிள்ளைக்கும், வீட்டுக்குள்ளேயே கொடுமைப்படுத்தப்பட்ட பிள்ளைக்கும் அவை இன்றும் தேவை.

நம் நாட்டில் எண்ணிப் பார்த்தபோது

2007ல் மாமல்லபுரத்து இல்லங்களில் பிள்ளைகள் சீரழிக்கப்படுவதாகப் பத்திரிகையில் வந்த செய்தி உச்ச நீதிமன்றத்தின் கவனத்துக்குக் கொண்டுவரப்பட்டது. தமிழ்நாட்டு இல்லங்களைப் பற்றித் தொடங்கிய அவ்வழக்கு நாடு முழுமைக்கும் உரியதாய் விரிந்தது. 2017 மே மாதம் தீர்ப்பளித்த நீதிமன்றம், எல்லா இல்லங்களும் பதிவு செய்யப்பட வேண்டும், ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனியே பராமரிப்புத் திட்டம் எழுதப்பட வேண்டும் என்று கட்டளையிட்டது. பிள்ளையை இல்லத்தில் சேர்ப்பதைத் தவிர வேறு வழிகளைத் தேடவும் வலியுறுத்தியது.

இதற்கிடையே மத்திய அரசு நாட்டின் இல்லங்களைக் கணக்கெடுத்தது. 2018ல் வெளியான அறிக்கையின்படி, 9,589 இல்லங்களில் ஏறத்தாழ 3,70,000 பிள்ளைகள் பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்பட்டவர்களாய் இருந்தார்கள். மாநிலங்களிலேயே தமிழ்நாட்டில்தான் இல்லங்கள் மிக அதிகம். ஆனால் 2016ம் ஆண்டு நிலவரப்படி, மொத்த இல்லங்களில் மூன்றில் ஒரு பங்கே இளைஞர் நீதிச் சட்டத்தின்கீழ் பதிவு பெற்றிருந்தது.

இதைவிட நம்மைச் சிந்திக்க வைப்பது வேறொன்று. அப்பிள்ளைகளில் தாய், தகப்பன் இருவரையும் இழந்தவர்கள் ஏறத்தாழ ஒன்பதில் ஒருவர்தான். தாயோ தகப்பனோ ஒருவர் உயிரோடிருக்கிற பிள்ளைகள் ஏறத்தாழ மூன்றில் ஒருவர். நாம் 'அநாதை' என்று எண்ணிக் காணிக்கை அனுப்பும் பிள்ளைக்குப் பெரும்பாலும் எங்கோ ஒரு தாய் இருக்கிறாள். அவள் பிள்ளையை வெறுத்து அனுப்பவில்லை. அரிசி வாங்கப் பணமில்லாமல் அனுப்பினாள்.

வேதத்தில் திக்கற்ற பிள்ளை என்று சொல்லப்படுவது பெரும்பாலும் தகப்பனை இழந்த பிள்ளையே. அதனால்தான் அங்கே திக்கற்ற பிள்ளையும் விதவையும் அடிக்கடி ஒன்றாகவே சொல்லப்படுகிறார்கள். ஒரே வீட்டில் இருக்கும் தாயும் பிள்ளையும் அல்லவா அவர்கள்! நாமோ பிள்ளையை ஓர் இல்லத்துக்கும் விதவையை வேறொரு மூலைக்குமாய்ப் பிரித்துவிட்டு, இருவருக்கும் தனித்தனியே ஜெபிக்கிறோம்.

நாம் வாழும் நகரம் கற்பிப்பவை

இந்தக் கொல்கத்தா நகரமும் அதன் சுற்றுப்புறமும் நமக்குப் பல பாடங்களைக் கற்பிக்கின்றன. முதலாவது கசப்பான பாடம். 2016 நவம்பரில், வடக்கு 24 பர்கனா மாவட்டத்துப் பாதுரியாவில் பச்சிளங் குழந்தைகளை விற்கும் கூட்டம் ஒன்று பிடிபட்டது. குழந்தை இறந்தே பிறந்தது என்று தாயிடம் பொய் சொல்லி, பிஸ்கட் அட்டைப்பெட்டிகளில் வைத்துக் குழந்தைகளைக் கடத்தினார்கள் என்பது புலனாய்வில் வெளிப்பட்டது. வாங்கியவர்களில் பிள்ளையில்லாத் தம்பதியரும் உண்டு. சட்டப்படி தத்தெடுக்கப் பல ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருக்கிறது என்று நம் சபைகளிலும் சிலர் அங்கலாய்ப்பதைக் கேட்டிருக்கிறேன். அந்தப் பதிவும் விசாரணையும் வெறும் சடங்கு அல்ல. வேறொரு தாயின் கண்ணீரின்மேல் நம் வீட்டுத் தொட்டில் ஆடாதிருக்க, அவை காவலாய் நிற்கின்றன.

இரண்டாவது பாடம், நல்ல திட்டத்தையும் அளந்து பார்க்க வேண்டும் என்பது. பெண்பிள்ளைகள் படிப்பைத் தொடரவும், 18 வயதுக்கு முன் மணமுடிக்கப்படாதிருக்கவும் மேற்கு வங்காள அரசு 2013ல் கன்யாஸ்ரீ திட்டத்தைத் தொடங்கியது. 18 வயதில் மணமாகாமல் படித்துக்கொண்டிருக்கும் பெண்ணுக்கு 25,000 ரூபாய் தரப்படுகிறது. 2017ல் இத்திட்டம் ஐக்கிய நாடுகளின் பொதுச்சேவை விருதைப் பெற்றது. ஆனால் தேசிய குடும்பநல ஆய்வு என்ன சொல்கிறது? 20 முதல் 24 வயதுள்ள பெண்களில் 18க்கு முன் மணமானவர்கள், 2015-16ல் இம்மாநிலத்தில் 41.6 சதவீதம். 2019-21ல் மறுபடியும் எண்ணியபோதும் 41.6 சதவீதமே. இதே காலத்தில் நாட்டின் சராசரி 26.8லிருந்து 23.3 ஆகக் குறைந்தது.

இதைக் கொண்டு அத்திட்டம் வீண் என்று தீர்ப்பளித்துவிடக் கூடாது. அது இல்லாதிருந்தால் நிலை இன்னும் மோசமாகியிருக்குமோ என்பதை இந்த ஓர் எண் சொல்லாது. பல பெண்பிள்ளைகள் அந்தப் பணத்தால் கல்லூரிக்குப் போயிருக்கிறார்கள். ஆனால் விருது வேறு, விளைவு வேறு என்பதை மட்டும் நாம் கற்றுக்கொள்ளலாம். பணம் தருவதோடு இன்னும் எது தேவைப்படுகிறது என்று தேட வேண்டியிருக்கிறது.

மூன்றாவது, ஊக்கம் தரும் பாடம். குழந்தை மருத்துவர் சமீர் சௌதுரி 1974ல் கொல்கத்தாவில் தொடங்கிய 'சினி' என்னும் நிறுவனம், ஊட்டமின்றி மெலிந்த குழந்தையைத் தாயோடு சேர்த்தே தங்கவைத்துத் தேற்றியது. வீட்டில் மலிவாய்க் கிடைக்கும் தானியத்தையும் பருப்பையும் கொண்டே குழந்தையைத் தேற்றத் தாய்க்குக் கற்றுக்கொடுத்தது. சியால்டா லொரெட்டோ பள்ளியில் சகோதரி சிரில் மூனி 1985ல், தெருவோரப் பிள்ளைகளுக்குப் பள்ளியின் கதவைத் திறந்துவிட்டார். கட்டணம் செலுத்திப் படித்த மாணவியரே அப்பிள்ளைகளின் பக்கத்தில் அமர்ந்து எழுத்துச் சொல்லிக்கொடுத்தார்கள். 2023ல் மறைந்த அவர் காட்டிய வழி இது: தெருவில் வாழும் குடும்பத்துப் பிள்ளைக்குக் கல்வி கொடுக்க, முதலாவது அதைக் குடும்பத்திலிருந்து பிரித்தாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

2015ம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், பிள்ளையை இல்லத்தில் சேர்ப்பது கடைசி வழியாகவே இருக்க வேண்டும் என்பதை ஒரு கோட்பாடாகவே எழுதிவைத்திருக்கிறது. பிள்ளையைப் பராமரிக்கும் முதற்பொறுப்பு குடும்பத்துக்கே உரியது என்றும் கூறுகிறது. பாதுகாப்புத் தேவைப்படும் பிள்ளையை 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக்குழுவின் முன் கொண்டுவர வேண்டும். ஒரு தலைவரும் நான்கு உறுப்பினர்களும் கொண்ட அந்தக் குழுவே, வீட்டு நிலையை விசாரித்து, பிள்ளை எங்கே இருக்க வேண்டும் என்று முடிவு செய்யும். போதகரோ, இல்லத்தின் நிர்வாகியோ, ரயிலில் அழைத்துச் செல்லும் அன்பரோ அதைத் தீர்மானிக்க முடியாது. பதிவு பெறாத இல்லத்தை நடத்துபவருக்கு ஓராண்டு வரை சிறையோ, ஒரு லட்சம் ரூபாய்க்குக் குறையாத அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம்.

பிள்ளையை வீட்டிலேயே வைத்துக் காக்கவும் வழி உண்டு. மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தின்கீழ், 2022ல் வந்த வழிகாட்டுதலின்படி, நிதி ஆதரவாகப் பிள்ளை ஒன்றுக்கு மாதம் 4,000 ரூபாய் வழங்கப்படுகிறது. விதவைத் தாயின் பிள்ளைகள், கணவனால் கைவிடப்பட்டவளின் பிள்ளைகள், உறவினரோடு வாழும் பெற்றோரற்ற பிள்ளைகள், கொடிய நோயுற்றவர்களின் பிள்ளைகள் இதற்குரியவர்கள். குடும்பத்தின் ஆண்டு வருமானம் கிராமத்தில் 72,000 ரூபாய்க்கும் நகரத்தில் 96,000 ரூபாய்க்கும் மிகாதிருக்க வேண்டும். 2023-24ல் நாடு முழுவதும் இல்லத்துக்கு வெளியே, குடும்பங்களில் இருந்தபடியே உதவி பெற்ற பிள்ளைகளின் தொகை ஒரு லட்சத்தைத் தாண்டிவிட்டது.

உதவியின்றிப் பிள்ளையை வீட்டுக்கு அனுப்பினால் மட்டும் போதாது என்பதையும் அண்மைக் காலம் காட்டியது. கொரோனாக் காலத்தில் இல்லங்களிலிருந்து ஏராளமான பிள்ளைகள் வீடுகளுக்கு அனுப்பப்பட்டார்கள். அப்போது 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், அப்பிள்ளைகளின் படிப்புக்காக மாதம் 2,000 ரூபாய் வழங்கும்படி மாநிலங்களுக்கு உத்தரவிட்டது. வீட்டில் பிள்ளை நிலைக்க வேண்டுமானால் வீட்டின் அடுப்பும் எரிய வேண்டும்.

பிழைப்பு தேடி வெளிமாநிலம் வந்த நம்மைப் போன்றவர்களுக்கு இங்கே ஒரு தடை உண்டு. ரேஷன் அட்டை ஊரில் இருக்கும். இறப்புச் சான்று வேறிடத்தில் இருக்கும். வாடகை வீட்டுக்கு எழுத்துப்பத்திரம் இராது. வங்காள மொழியில் விண்ணப்பம் எழுதத் தெரியாது. உதவி இருந்தும், அதன் வாசலுக்குப் போக வழி தெரியாமல் அந்தச் சகோதரி நிற்கிறாள். சபை அவளுக்குச் செய்யக்கூடிய பேருதவி இங்கேதான் இருக்கிறது.

பெற்றோரைப் பயிற்றுவித்தல்

வெளிநாடுகளில் அரசுகள் இத்துறையை எவ்வாறு மாற்றின என்பதையும் சுருக்கமாய்ச் சொல்கிறேன். நார்வே நாடு 1999 முதல், அடங்காத பிள்ளைகளின் பெற்றோருக்குப் பயிற்சி அளிக்கும் முறையைச் சோதித்து நாடு முழுவதும் பரப்பியது. அமெரிக்கா 2018ல் இயற்றிய சட்டத்தின்படி, பிள்ளை வீட்டைவிட்டுப் பிரியாதபடி முன்கூட்டியே உதவும் பணிகளுக்கு மத்திய நிதி உண்டு. ஆனால் ஆய்வில் பலன் தந்ததாய்ச் சான்று பெற்ற பணிகளுக்கே அது கிடைக்கும்.

இவை செல்வ நாடுகள் என்று தள்ளிவிட வேண்டாம். தென்னாப்பிரிக்காவின் கிழக்குக் கேப் மாகாணத்து ஏழைக் குடியிருப்புகள் 40ல், 552 குடும்பங்களைக் கொண்டு ஓர் ஆய்வு நடந்தது. பருவ வயதுப் பிள்ளைகளும் அவர்களை வளர்ப்பவர்களும் வாரம் ஒருமுறை சேர்ந்து அமர்ந்தார்கள். மொத்தம் 14 அமர்வுகள். கோபத்தை அடக்குவது, பிள்ளையைப் பாராட்டுவது, அடிக்காமல் கண்டிப்பது, வரவு செலவைத் திட்டமிடுவது ஆகியவற்றை உள்ளூர் மக்களே நடத்திக் கற்பித்தார்கள். 2018ல் வெளியான முடிவின்படி, அக்குடும்பங்களில் அடியும் வசையும் குறைந்திருந்தன என்று பெற்றோரே தெரிவித்தார்கள். பட்டம் பெற்ற நிபுணர் அல்ல, பயிற்சி பெற்ற அண்டை வீட்டாரே இதைச் செய்ய முடிந்தது என்பது கவனிக்கத்தக்கது. வாரந்தோறும் வீட்டுக்கூட்டம் நடத்தும் நமக்கு இது எட்டாத காரியமா?

சபையாக நாம் செய்யக்கூடியவை

முதலாவது, ஓர் இல்லத்துக்குக் காணிக்கை அனுப்புமுன் அன்போடும் தயக்கமின்றியும் இவற்றைக் கேளுங்கள். இல்லம் இளைஞர் நீதிச் சட்டத்தின்கீழ் பதிவு பெற்றதா? ஒவ்வொரு பிள்ளையும் குழந்தைகள் நலக்குழுவின் உத்தரவோடு அங்கே இருக்கிறதா? எத்தனை பிள்ளைகளுக்குத் தாயோ தகப்பனோ உண்டு? அவர்கள் எப்போது வந்து பார்க்கிறார்கள்? சென்ற ஆண்டு எத்தனை பிள்ளைகள் குடும்பத்துக்குத் திரும்பினார்கள்? உண்மையுள்ள ஊழியர் இக்கேள்விகளால் புண்பட மாட்டார். மகிழ்ச்சியோடு பதில் சொல்வார். பிள்ளைகளை வரிசையாய் நிற்கவைத்து எடுத்த புகைப்படம் இவற்றுக்குப் பதில் ஆகாது.

இரண்டாவது, காணிக்கையில் ஒரு பகுதியை நம் நடுவிலேயே இருக்கும் விதவையின் வாடகைக்கும் பிள்ளையின் பள்ளிக் கட்டணத்துக்கும் ஒதுக்குங்கள். ஒரு முறை அல்ல, மாதந்தோறும், ஆண்டுக்கணக்கில்.

மூன்றாவது, வங்காள மொழி எழுதத் தெரிந்த ஒரு வாலிபரையும், அலுவலகத்துக்குப் போய்ப் பழகிய ஒரு பெரியவரையும் நியமியுங்கள். ஆதார், வங்கிக் கணக்கு, இறப்புச் சான்று, வருமானச் சான்று ஆகியவற்றைத் திரட்டி, மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கு அவர்கள் அந்தத் தாயை அழைத்துச் செல்லட்டும்.

நான்காவது, வசதியுள்ள தம்பதியர் வளர்ப்புப் பராமரிப்பைப் பற்றி விசாரித்து அறியுங்கள். பெற்றோர் தேறும்வரை பிள்ளையை வீட்டில் வைத்துப் பேணும் சட்டபூர்வமான ஏற்பாடு அது.

ஐந்தாவது, ஆபத்திலிருக்கும் பிள்ளையைக் கண்டால் 1098 என்ற இலவச எண்ணை அழையுங்கள். 1996ல் மும்பையில் தொடங்கிய இச்சேவை இப்போது அரசின் பொறுப்பில் இயங்குகிறது. பிள்ளைக்குப் பாலியல் கொடுமை நேர்ந்தது தெரிந்தும் மறைப்பது 2012ம் ஆண்டின் போக்சோ சட்டப்படி குற்றம். 'சபையின் பெயர் கெடும்' என்பது அதற்குச் சாக்கு ஆகாது.

கடைசியாக, ஆண்டுக்கொரு முறை நாம் செய்ததை அளந்து பாருங்கள். எவ்வளவு பணம் கொடுத்தோம் என்று எழுதிவைக்கிறோம். எத்தனை பிள்ளைகள் தாயோடு இருக்கிறார்கள், எத்தனை பேர் பள்ளிக்குத் தவறாமல் போகிறார்கள் என்பதையும் எழுதுங்கள். பலன் இல்லையானால், வெட்கப்படாமல் வழியை மாற்றுங்கள்.

அன்பானவர்களே, எலிசாவிடம் வந்து முறையிட்ட விதவையை நீங்கள் அறிவீர்கள். கடன் கொடுத்தவன் அவளுடைய இரண்டு பிள்ளைகளையும் கொண்டுபோக வந்து நின்றான். தீர்க்கதரிசி அப்பிள்ளைகளை வேறெங்கும் அனுப்பச் சொல்லவில்லை. வீட்டில் என்ன இருக்கிறது என்று அவளையே கேட்டார். அண்டை வீட்டார் பாத்திரங்களைக் கொடுத்தார்கள். பிள்ளைகளே பாத்திரங்களை எடுத்துக் கொடுக்க, தாய் எண்ணெயை வார்த்தாள். கடன் தீர்ந்தது. மீதியைக் கொண்டு தாயும் பிள்ளைகளும் ஒன்றாய்ப் பிழைத்தார்கள்.

அடுத்த ஞாயிறு, ஆராதனை முடிந்தபின் அந்த மூலையில் நிற்கும் சகோதரியிடம் போங்கள். "பிள்ளைகளை எங்கே அனுப்பலாம்?" என்று கேட்காதீர்கள். "பிள்ளைகள் உன்னோடு இருக்க உனக்கு என்ன வேண்டும் அம்மா?" என்று கேளுங்கள். அவள் சொல்லும் பதிலை எழுதிக்கொள்ளுங்கள். அதற்காக ஜெபியுங்கள். பாத்திரங்களையும் கொண்டுவாருங்கள்.